பூட்டும் அதன் கையேடும்

ஒருவன் கடைத்தெருவிற் சிறந்த பூட்டொன்றை வாங்கி வருகின்றான் என்று கொள்வோம். பூட்டு உறுதியானது, அதன் சாவியும் எளிதிற் போலி செய்யத் தக்கதன்று. ஆயின் அதனைக் கதவிற் பொருத்தும் வகையை விளக்கும் தாளில் ஓர் அடி விடுபட்டுப் போயிற்று. அவன் தாளிற் கண்டவாறே யாவும் செய்தான், சாவியைத் திருப்பினான், பூட்டிய ஒலியும் கேட்டது. பூட்டின் நாக்கோ சட்டத்துட் புகவில்லை. பூட்டே இல்லாத வீட்டினன் அன்றிரவு விழித்திருப்பான்; இவன் கவலையின்றி உறங்குவான். இவ்விருவருள் எவன் நிலை பெரிதும் இரங்கத் தக்கது?

யாம் ஈண்டு எழுதப் புகுந்தது இரும்புப் பூட்டைக் குறித்தன்று. தொலைவிலிருந்து ஒரு நிறுவனத்தின் கணினி வலையைப் பிறர் அறியாவண்ணம் அடைதற்கென விலையின்றி வழங்கப்படும் திறவூற்று மென்பொருள்களையும், அவற்றை அமைக்கும் முறையைக் கற்பிக்கும் கையேடுகளையும் குறித்தே. தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கக் கூடும். கையேடு என்பது உரைநடை. உரைநடையின் குணமும் குற்றமும் ஆராய்வது எம் பாடத்தின் பகுதி. ஆதலின் வேலை உண்டு என்றே கருதுகின்றோம்.

முன்னாளில் தொலைவிலுள்ள கணினியை இயக்க விரும்பினோர் டெல்நெட் என்னும் முறையைக் கையாண்டனர். அதிற் கடவுச்சொல் உட்பட யாவும் மறைப்பின்றியே கம்பியிற் சென்றன. இடைவழியில் ஒற்றியிருப்போன் அஞ்சலட்டையைப் படிப்பதுபோல அவற்றைப் படிக்கலாம். 1995ஆம் ஆண்டிற் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் இவ்வாறு கடவுச்சொற்கள் களவு போனமை கண்டு, ஆங்கிருந்த டாட்டு யூலோனன் என்பார் எஸ்.எஸ்.எச். என்னும் மறைமுறையை ஆக்கினார். அதன் கட்டற்ற வடிவாகிய ஓபன் எஸ்.எஸ்.எச்., ஓபன் பி.எஸ்.டி. குழுவினரால் 1999ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பொது இணையத்தின் ஊடே மறைவான சுரங்கவழி அமைக்கும் வி.பி.என். வகையில், ஜேம்ஸ் யோனான் என்பார் 2001இல் ஓபன் வி.பி.என். என்பதை வெளியிட்டார். ஜேசன் டோனன்ஃபெல்டு இயற்றிய வயர்கார்டு 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் லினக்சு கருவகத்தின் 5.6ஆம் பதிப்பிற் சேர்ந்தது. வயர்கார்டின் நிரல் ஏறத்தாழ 4000 வரிகளுக்குள் அடங்குவது. அறிஞர் ஒருவர் தனியே இருந்து படித்து முடிக்கத் தக்க அளவினது.

இம்மூன்றும் விலையில்லாதன என்பதன் பொருளை நாம் நன்கு எண்ணுதல் வேண்டும். செல்வம் மிக்க வங்கியொன்று கைக்கொள்ளும் மறைமுறையையே, சிற்றூர் மருத்துவமனையும் முப்பது கணினிகளையுடைய பள்ளிக்கூடமும் ஒரு காசும் செலவின்றிக் கைக்கொள்ளலாம். வங்கிக்கு ஊதியம் பெறும் வல்லுநர் குழு உண்டு. பள்ளிக்கு உள்ளவரோ, கணிதமும் கற்பித்து, ஒழிந்த வேளையிற் கணினியையும் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் ஒருவரே. 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டபோது, அலுவலகக் கோப்புக்களை வீட்டிலிருந்து அடைவதற்கு ஒரு வழி செய்க என்று பலவிடங்களிற் பணிக்கப்பட்டவர் இத்தகையவரே. அவர்க்கு வல்லுநரும் கையேடே, ஆசானும் கையேடே. கையேடு பிழைபடின் அவர் பிழைபடுவார். மாணவர் மதிப்பெண்களும், நோயாளர் குறிப்புக்களும், ஊதியப் பட்டியலும் அக்கையேட்டின் ஒரு வரியிலே தொங்குகின்றன.

பிற மென்பொருள்களின் கையேட்டுக்கும் இவற்றின் கையேட்டுக்கும் ஒரு பெருவேற்றுமை உண்டு. படம் வரையும் மென்பொருளின் கையேட்டில் ஓர் அடி விடுபட்டால் படம் வாராது. படிப்போன் குறை கண்டு வேறிடத்துக் கேட்டறிவான். காவலுக்குரிய மென்பொருளின் கையேட்டில் ஓர் அடி விடுபட்டாலோ காரியம் நடந்துவிடும். நடந்துவிடுதலே ஈண்டு இடர். ஆதலின் இத்துறையிற் கையேடு என்பது பூட்டுக்குப் புறத்தே ஒட்டிய தாளன்று, பூட்டின் உறுப்புக்களுள் ஒன்று என்பதே எம் கொள்கை. இதனை இரண்டொரு மெய்ந்நிகழ்ச்சிகளால் விளக்குவோம். எந்திர நுணுக்கம் விரும்பாத அன்பர்கள் சிறிது பொறுத்தருள்க.

எஸ்.எஸ்.எச். வழியாகச் சர்வரைக் காப்போர்க்கு அறிஞர் கூறும் முதல் அறிவுரை, கடவுச்சொல்லால் நுழைதலை நிறுத்திவிட்டுச் சாவிக்கோப்பு உடையாரை மட்டும் புகவிடுக என்பது. கடவுச்சொற்களை ஊகித்து ஊகித்து முயலும் தானியங்கி நிரல்கள் இணையத்தில் இரவும் பகலும் உலவுதலின் இவ்வறிவுரை மெய்யாகவே வேண்டற்பாலது. இதற்குக் கையேடுகள் பலவும் கூறும் வழி: அமைப்புக் கோப்பைத் திறக்க, ‘பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன்’ என்னும் வரியின் எதிரே ‘நோ’ என்று எழுதுக, சேவையை மீளத் தொடங்குக. அவ்வளவே. ஆயின் 2020ஆம் ஆண்டு வெளிவந்த 8.2ஆம் பதிப்பு முதல், அக்கோப்பினுட் பிற துணைக்கோப்புக்களையும் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டாயிற்று. டெபியன், உபுண்டு ஆகியவற்றின் அண்மைப் பதிப்புக்களிற் சேர்க்கும் அவ்வரி பெருங்கோப்பின் தொடக்கத்திலேயே நிற்கின்றது. ஒரே அமைப்புக்கு இருவேறு மதிப்புக் கண்டால் ஓபன் எஸ்.எஸ்.எச். முதலிற் கண்டதையே கொள்ளும். பின்னர் வருவதைத் தள்ளிவிடும். வாடகைக்குப் பெறும் சர்வர்கள் சிலவற்றிற் கடவுச்சொல்லை அனுமதிக்கும் வரி துணைக்கோப்பொன்றில் முன்னரே எழுதப்பட்டிருப்பதுண்டு. நம் ஆசிரியர் பெருங்கோப்பில் ‘நோ’ என்று எழுதினார். சேவையும் பிழையொன்றும் காட்டாது மீளத் தொடங்கிற்று. தம் சாவியால் நுழைந்து பார்த்தார், கதவு திறந்தது. யாவும் நலமே என்று எழுந்து சென்றார். கடவுச்சொற் கதவோ முன்போலவே திறந்து கிடக்கின்றது.

இதனைத் தடுக்கும் வழி அரியதா எனின், அன்று. சேவை உண்மையிற் கைக்கொண்டிருக்கும் அமைப்புக்கள் யாவற்றையும் வரிவரியாகக் காட்டும் கட்டளை அம்மென்பொருளிலேயே உளது, ‘எஸ்.எஸ்.எச்.டி.’ என்னும் பெயரின்பின் ஒரு சிறுகோடும் பெரிய ‘டி’ எழுத்தும் இட்டாற் போதும். அதனினும் எளிது, வேறொரு கணினியினின்று சாவியை விடுத்துக் கடவுச்சொல்லால் நுழைய முயன்று, மறுக்கப்படுதலைக் கண்ணாற் காண்பது. கையேடுகளிற் காணப்பெறாதது இந்த ஓர் அடியே. அவை செய்யச் சொல்லுகின்றன. செய்தது பலித்ததா என்று பார்க்கச் சொல்லுவதில்லை. உரியவன் நுழைய முடிகின்றது என்று காண்பது பாதிச் சோதனையே; உரிமையில்லாதவன் நுழைய முடியவில்லை என்று காண்பதே காவலுக்குரிய சோதனை. (மேலும், இம்மாற்றங்களைச் செய்யும்போது முன்னரே திறந்துள்ள இணைப்பை மூடாது வைத்திருக்க வேண்டும் என்பதையும் பல கையேடுகள் மறந்துவிடுகின்றன. அதனை மறந்தோர், தம் வீட்டுக்கு வெளியே தாமே நின்று கதவைத் தட்டுவர்.)

அடுத்து, கைரேகை. ஒரு சர்வருடன் முதன்முறை இணையும்போது, எஸ்.எஸ்.எச். அச்சர்வரது சாவியின் கைரேகை எனப்படும் எழுத்துக்கோவையைத் திரையிற் காட்டி, இது நீர் கருதிய சர்வர்தானா என்று வினவும். பெரும்பாலான வழிகாட்டிகள் இவ்விடத்து எழுதுவது ‘யெஸ் என்று தட்டுக’ என்பதே. வாயிற்காவலன், ‘வந்திருப்பவர் உம் உறவினர் என்கின்றார், இது அவர் முகம், பார்த்துச் சொல்லுக’ என்று விளக்கைத் தூக்கிக் காட்டும்போது, முகத்தைப் பாராமலே ஆம் என்று கூறக் கற்பித்தலை இஃது ஒக்கும். இடையில் ஒருவன் புகுந்து தன்னைச் சர்வராகக் காட்டிக்கொள்வானாயின், அவனைப் பிடிக்கக் கிடைக்கும் நல்வாய்ப்பு இம்முதல் வினாவே. 2019ஆம் ஆண்டின் 8.0 பதிப்பு முதல், ‘யெஸ்’ என்பதற்கு ஈடாக, நாம் வேறு வழியாற் பெற்ற கைரேகையையே விடையாக ஒட்டலாம். இரண்டும் ஒத்தாலன்றி இணைப்பு நிகழாது. இதனை எழுதும் வழிகாட்டிகள் அரியன. சர்வர் மாறிவிட்டது என்று மென்பொருள் எச்சரிக்கும்போது, ஏன் மாறிற்று என்று ஆராயச் சொல்லாது, பழைய குறிப்பை அழித்துவிடுக என்றும், சோதனையையே நிறுத்திவிடுக என்றும் அறிவுறுத்துவனவும் உள. அவற்றை யாம் கையேடு என்று சொல்லத் துணியோம்.

வயர்கார்டின் இயல்பு வேறு. அது பேசாத காவலன். அறிமுகமில்லாத சாவியுடன் வரும் செய்திக்கு அது ‘இல்லை’ என்றும் விடை கூறுவதில்லை, சும்மா இருந்துவிடும். பகைவன் ஆங்கொரு வாயில் இருப்பதையே அறியலாகாது என்பதற்காக வேண்டுமென்றே இவ்வாறு அமைத்தனர், சிறந்த அமைப்பே. ஆயினும் புதிதாகப் பயில்வோனுக்கு இம்மௌனம் பெருந்துன்பம். சாவியை ஓர் எழுத்துப் பிழைபட எழுதினாலும், இடையிலுள்ள தீச்சுவர் மறித்தாலும், மறுமுனைக் கணினி அணைந்தே கிடந்தாலும் அவன் காண்பது ஒன்றே: ஒன்றும் நிகழாமை. அதனினும் மயக்கம் தருவது, மறுமுனையில் எவரும் இல்லாதபோதும் தன் முனையின் இடைமுகம் எழும்பியதாகவே திரை காட்டுதல். அன்றியும் அனுப்புதற்கு ஏதேனும் செய்தி தோன்றும்வரை அது கைகுலுக்கலையே தொடங்குவதில்லை. இவற்றை அறிந்தவன் ‘டபிள்யூ.ஜி.’ என்னும் கட்டளையைத் தட்டி, கடைசிக் கைகுலுக்கல் எப்போது நிகழ்ந்தது என்று காட்டும் வரியைப் பார்ப்பான். அவ்வரி இல்லையாயின் குறை சாவியிலோ வழியிலோ உளது என்று துணிவான். அறியாதவன் இரவெல்லாம் கோப்பை மாற்றி மாற்றி எழுதி, ஈற்றிற் சலித்துத் தீச்சுவரை முற்றும் தள்ளிவிடுவான். கையேட்டின் ஒரு பத்தி இருந்திருந்தால் அச்சுவர் நின்றிருக்கும்.

இன்னும் ஒன்று. ‘அலவ்ட் ஐ.பி.ஸ்’ என்னும் வரி வயர்கார்டில் இருவேலை செய்வது. செய்தி அனுப்பும்போது எந்த முகவரிக்குரியது எந்தத் துணைக்குச் செல்ல வேண்டும் என்பதை அது காட்டும். பெறும்போது அத்துணையிடமிருந்து எந்த முகவரியுடைய செய்தியை ஏற்கலாம் என்பதையும் அதுவே வரையறுக்கும். பல வழிகாட்டிகள் இதற்குப் பொருள் கூறாது, ஓர் எடுத்துக்காட்டை மட்டும் தந்து நீங்கும். எடுத்துக்காட்டில் ஒரே துணை இருக்கும்; அதற்கு ‘/24’ என்று ஒரு தெரு முழுவதையும் எழுதியிருக்கும். படித்தவன் மறுநாள் இரண்டாம் ஆசிரியர்க்கும் அவ்வரியையே பெயர்த்தெழுதுவான். ஒரு முகவரித் தொகுதி ஒரு துணைக்கே உரியதாகலின், அது முதல்வரை விட்டுப் பின்னவரிடம் சத்தமின்றிச் சென்று சேரும். நேற்றுவரை நுழைந்தவர் இன்று நுழைய இயலாது நிற்பார். சர்வரின் பக்கத்தில் ஒவ்வொருவர்க்கும் ‘/32’ என ஒரே முகவரி எழுதுக, காரணம் இது என்று இரண்டு வரி எழுதியிருந்தால் இத்தொல்லை இல்லை. வீட்டு வலையும் பள்ளி வலையும் ஒரே 192.168.1 என்னும் தொடரைக் கொண்டு மோதிக்கொள்வதும், பழைய வகை முகவரிகளை மட்டும் சுரங்கத்துட் செலுத்திப் புதிய ஐ.பி. 6 வகையை வெளியே விட்டுவிடுவதும் இத்தகையனவே. அவற்றை விரிக்கிற் பெருகும்.

காலம் செய்யும் குற்றமும் உண்டு. வழிகாட்டி எழுதப்பட்ட நாளிற் சரியாயிருந்தது பின்னாளிற் பிழையாகின்றது. டி.எஸ்.ஏ. வகைச் சாவிகளை ஓபன் எஸ்.எஸ்.எச். 2015இல் இயல்பாக ஏற்பதை நிறுத்தி, 2025இல் அடியோடு நீக்கிற்று. ஓபன் வி.பி.என். சுரங்கத்தினுள் செய்தியைச் சுருக்கி அனுப்புதல் முன்னர் விரைவுக்கென விரும்பப்பட்டது. சுருக்கத்தின் அளவைக் கொண்டே உள்ளிருப்பதை ஊகிக்கலாம் என்பதை 2018இல் வெளியான வோராக்கிள் தாக்குதல் காட்டிற்று. ஆயினும் அச்சுருக்க வரியை இன்னும் கற்பிக்கும் பக்கங்கள் அழியாமல் நிற்கின்றன. படிப்போர் தேடும்போது முன்வந்தும் நிற்கின்றன. மருந்துப் புட்டியிற் காலாவதி நாள் இடுகின்றோம். காவற் கையேட்டின் தலைப்பில், இன்ன பதிப்புக்கு இன்ன நாளிற் சோதித்து எழுதப்பட்டது என்னும் ஒரு வரி இடுதற்கு எவரும் தடை கூறார். இடுவாரும் மிகச் சிலரே.

இனி, மென்பொருளை ஆக்கியோர் கையேடே எழுதவில்லையோ எனின், அவ்வாறு கூறுதல் நன்றி மறத்தலாகும். ஓபன் பி.எஸ்.டி. குழுவினர் கையேட்டிற் காணும் பிழையை நிரலிற் காணும் பிழைக்கு நிகரான குற்றமாகவே எண்ணித் திருத்துவோர். அவர்தம் கையேட்டுப் பக்கங்கள் சொற்சுருக்கத்திலும் திட்பத்திலும் வியக்கத் தக்கன. முதலிற் கண்ட மதிப்பே கொள்ளப்படும் என்னும் மேற்கூறிய விதியும் அவற்றில் உளதே. பின் குறை யாது? அவை நிகண்டு, உரையல்ல. நிகண்டை மனப்பாடம் செய்தவன் செய்யுளுக்குப் பொருள் கூறிவிட முடியுமா? சொல்லின் பொருள் தெரிந்தவனுக்கே நிகண்டு நினைவூட்டும். எந்தச் சொல்லைத் தேடுவது என்றே அறியாதவனுக்கு அஃது அடைத்த பெட்டி. மறுபுறத்தே, தனிப்பட்டோர் எழுதும் வழிகாட்டிகள் கட்டளைகளை வரிசையாக அடுக்கிச் செல்வன. அவை மூலபாடத்தைப் பார்த்தெழுதிய ஏடு போல்வன, அவற்றிலும் உரையில்லை. நிகண்டுக்கும் ஏட்டுக்கும் இடையே உரையாசிரியனுக்குரிய இருக்கை வெறிதே கிடக்கின்றது.

உரை என்பது யாது என்பதை நம் இலக்கணமுடையார் நெடுங்காலத்துக்கு முன்பே வரையறுத்துள்ளனர். காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு என்பனவும், அவற்றோடு வினாவும் விடையும் உரியன என்பது நன்னூல் படித்தோர் அறிந்ததே. இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு ஒரு வழிகாட்டியை அளந்து பார்க்க. பெரும்பாலனவற்றில் எடுத்துக்காட்டு மட்டும் இருக்கும். இவ்வரி எதற்கு என்னும் கருத்து இராது. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய பதப்பொருள் இராது. ‘இவ்வாறு செய்யாது விடின் என்னாம்?’, ‘செய்தும் பலிக்காவிடின் எங்கே பார்ப்பது?’ என்னும் வினாக்கள் எழுப்பப்படவே மாட்டா. சேனாவரையரும் பரிமேலழகரும் மாணவன் எவ்விடத்தில் ஐயுறுவான் என்பதை முன்னுணர்ந்து, அவ்விடத்திலே நின்று, தாமே தடைகளை எழுப்பி விடுத்துச் செல்லும் திறம் யாம் வகுப்பறையில் நாடோறும் காண்பது. அத்திறமே ஈண்டு வேண்டப்படுவது. நிரலறிவு இதற்கு வேண்டாவோ எனின், வேண்டும். ஆயின் அதுமட்டும் போதாது.

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?’ என்பர் ஒரு சாரார். விலையின்றி உழைப்போரிடம் குறை கூறுதல் முறையன்று என்பது அவர் கருத்து. குறை கூறி அகலுதல் முறையன்று என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயின் திறவூற்று மென்பொருள் என்பது தானம் பெற்ற மாடன்று, ஊர்ப்பொதுக் குளம். கரை உடைந்த இடத்தைக் கண்டவன் மண் போடலாம். போடுக என்றே குளத்தை வெட்டினோர் அழைக்கின்றனர். பிறிதொரு சாரார், பாமரர் ஏன் இதில் இறங்க வேண்டும், வல்லுநரிடம் விடுக என்பர். இது பணமுடையார் கூற்று. முப்பது கணினிப் பள்ளிக்கு வல்லுநர் வாரார். வந்தாலும் அவர்க்குரிய ஊதியம் அப்பள்ளியின் நூலகச் செலவை விழுங்கிவிடும். மூன்றாமவர் கூறும் தடையே ஆராயத் தக்கது: யாவற்றையும் விளக்கப் புகுந்தாற் கையேடு பெருகி, ஒருவரும் படியாதொழிவர் என்பது. உண்மையே. குன்றக் கூறல் குற்றமாதல்போல மிகைபடக் கூறலும் குற்றமே. இதற்கு டானியேலே ப்ரோசிடா என்பார் வகுத்த வழி எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. அவர் கையேடுகளைப் பயிற்சிப் பாடம், செயல்முறை, பொருட்குறிப்பு, விளக்கம் என நான்காகப் பகுத்து, ஒன்றினுள் ஒன்று கலவாது வைக்க என்கின்றார். செயல்முறை குறுகியதாகவே நிற்கட்டும். காரணம் விரும்பினோர்க்கு விளக்கம் அருகிலே இருக்கட்டும். சோதனை அடி மட்டும் செயல்முறையை விட்டு அகலலாகாது.

ஒருவரும் மண் போடாமைக்குக் காரணம் உண்டு. 2017ஆம் ஆண்டிற் கிட்ஹப் நிறுவனத்தார் திறவூற்று உலகத்தாரிடை நடத்திய ஆய்வில், விடையளித்தோருள் 100க்கு 93 பேர் கையேடுகள் குறைபட்டோ பழமைப்பட்டோ கிடத்தலைக் கண்டுள்ளதாகக் கூறினர்; பங்களிப்போருள் 100க்கு 60 பேர் தாம் கையேட்டில் அரிதாகவே கைவைப்பதாகவோ கைவைப்பதே இல்லையெனவோ கூறினர். நோயை யாவரும் அறிவர். மருந்து அரைப்பார் இலர். நிரல் எழுதுவோர்க்கு நிரலே இன்பம். அதில் நாம் வியத்தற்கு ஒன்றுமில்லை. எழுத்தையே தொழிலாகப் பயிலும் நம்போல்வார் அப்பக்கம் எட்டிப் பாராமையே வியத்தற்குரியது.

எழுதுவோர் கைக்கொள்ளத் தக்க நல்வழக்கங்கள் சில முன்னரே இடப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுக்கென்றே 2010ஆம் ஆண்டில் மூன்று முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன, 192.0.2, 198.51.100, 203.0.113 எனத் தொடங்குவன அவை. இவற்றைக் கையாண்டால், படிப்போன் மாற்றாமல் விட்டாலும் பிறர் சர்வரைச் சென்று முட்டமாட்டான். இணைய நெறிமுறைகளை எழுதுவோர்க்கென 1997ஆம் ஆண்டில் ஸ்காட் பிராட்னர் இயற்றிய குறிப்பு, கட்டாயம் செய்க, செய்தல் நலம், விரும்பினாற் செய்க என்னும் மூவகை ஏவலையும் வேறுபடுத்திக் காட்டும். வியங்கோளையும் ஏவலையும் பிரித்தறியும் நமக்கு இது புதிதன்று. வழிகாட்டிகளில் மூன்றும் ஒரே குரலில் ஒலிப்பதுதான் துன்பம்.

தமிழில் எழுதுதல் பற்றி ஒரு சொல். க்னோம், கே.டி.இ. முதலியவற்றின் திரைச்சொற்கள் தமிழில் உள்ளன. கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதற் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகின்றது. காவல் பற்றிய கையேடுகளில் யாம் அஞ்சுவது சொல் மயக்கத்தையே. ஒருவர் திறவுகோல் என்பர். ஒருவர் சாவி என்பர். ஒருவர் விசை என்பர். அவ்விசையே தட்டச்சுப் பலகையின் பொத்தானுக்கும் பெயராம். வயர்கார்டின் மறைச்சாவியும் பொதுச்சாவியும் ஒவ்வொன்றும் 44 எழுத்துக்கள் உடையன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பன. பிறர்க்குக் கொடுக்க வேண்டியது இது, உயிர்போயினும் கொடுக்கலாகாதது அது என்று பெயரே காட்டிக் கொடுத்தாலன்றி, மயங்கிய ஒருவர் மறைச்சாவியை மின்னஞ்சலில் அனுப்பி வைப்பார். சொல்லழகைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்; ஒரு பொருட்கு ஒரு சொல் என்பதை முதலிற் கடைப்பிடிக்க வேண்டும். கட்டளைகளைத் தட்டவேண்டிய வடிவிலேயே விட்டு, கருத்தையும் வினாவிடையையும் மட்டும் தமிழாக்குவதே தக்கது என்பது எம் துணிபு.

நம் கல்லூரியிற் கணினித் துறை மாணவர் உளர். தமிழ்த் துறை மாணவரும் உளர். இரு துறையாரும் கிழமைக்கு ஒரு மாலை கூடுக என்று வேண்டுகின்றோம். முன்னவர் ஒரு வழிகாட்டியை எடுத்துக் கொடுக்க, அத்துறை அறியாத பின்னவர் அதிற் கண்டவாறே, ஒன்றும் கேளாது, பழைய கணினியொன்றில் அமைத்துப் பார்க்கட்டும். எவ்விடத்துக் கை நின்றதோ அவ்விடத்திற் கோடிடட்டும். கோடிட்ட இடங்களே உரை எழுதவேண்டிய இடங்கள். எழுதியதைத் திருத்தமாக மூலக் குழுவினர்க்கு அனுப்பலாம். தமிழ் வடிவை நம் நூலகத்தில் வைக்கலாம். முதற்கண் எடுக்கத் தக்கது எஸ்.எஸ்.எச். கைரேகையை ஒத்துப் பார்க்கும் பகுதி என்று தோன்றுகின்றது. அஃது ஒரு பக்கத்துக்கு மேற்போகாது. இரண்டு மாலைகளில் முடியும்.